முயல் கேள்விகள்: கேரட்ட கீழ வைங்க, புல்ல எடுங்க

போன இதழ்ல ஒரு வாசகிக்கு முயல் பத்தி நாலு வரி பதில் எழுதினேன், அதுக்கு வந்த மெயில்களப் பாத்தா அடேங்கப்பா இத்தனை பேர் வீட்ல முயல் இருக்கான்னு ஆயிடுச்சு. பாதிக்கு மேல ஒரே கேள்விதான், என்ன சாப்பாடு குடுக்கறதுன்னு. முன்னாடியே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்ல, ரொம்ப வருஷமா முயல் வளக்கறவ, நெறைய தப்பு பண்ணி கத்துக்கிட்டவ, அவ்ளோதான்.

கேள்வி: அக்கா, பையன் ஆசைப்பட்டான்னு ரெண்டரை மாசக் குட்டி ஒண்ணு வாங்கினோம். தினம் 2 கேரட், அப்பப்போ பிஸ்கட், ரெண்டையும் நல்லா சாப்பிடுது. புல்லு போட்டா திரும்பிக்கூட பாக்க மாட்டேங்குது. இப்படியே விட்டுடலாமா?

விடக்கூடாதும்மா. முயல்னா கேரட்னு நம்ம மண்டையில ஏத்தினது கார்ட்டூன்தான், காட்டு முயல் எதுவும் மண்ணத் தோண்டி கிழங்கு எடுத்து தின்னுட்டு திரியல, அது பாட்டுக்கு புல்லையும் இலையையும் மேயுது. கேரட்ல இனிப்பு ஜாஸ்தி, பிஸ்கட்ல மாவும் சர்க்கரையும், அது தெரிஞ்ச நாக்கு எதுக்கு புல்லு பக்கம் போகப்போகுது? உங்க பையன் கையில சாக்லேட்ட குடுத்துட்டு பக்கத்துல கீரைக்கூட்டு வெச்சா எதத் தொடுவான் சொல்லுங்க.

முயலோட குடல் எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சிட்டா மத்ததெல்லாம் தானா புரிஞ்சிடும். சிறுகுடலும் பெருங்குடலும் சேர்ற எடத்துல அதுக்கு ஒரு பெரிய பை இருக்கு, வயித்துல பாதி எடத்த அதுவே புடிச்சிக்கும்னு வெச்சுக்கோங்களேன், அதுக்குள்ள கோடிக்கணக்குல கிருமிங்க உக்காந்து நார்ச்சத்த புளிக்க வெச்சு சத்தா மாத்தி குடுக்குது. நல்ல கிருமிங்கதான். அந்த கூட்டத்துக்குள்ள சர்க்கரையும் மாவும் போய் விழுந்தா கெட்டதுங்க பெருகி கேஸ் கட்டும், வயித்தால போகும், சின்னக் குட்டின்னா உயிருக்கே ஆபத்து. அப்புறம் பல்லு. முயலுக்கு இருக்கற 28 பல்லும் சாகற வரைக்கும் வளந்துக்கிட்டே இருக்கும், முன்பல்லு வாரத்துக்கு கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர். ஒரு நாள் காய்ஞ்ச புல்லு திங்கும்போது கிட்ட உக்காந்து பாருங்க, தாடை மேலயும் கீழயும் போகாது, பக்கவாட்டுல அரைக்கும், அம்மிக்கல்லு மாதிரி. அந்த அரைப்புலதான் கடைவாய்ப்பல்லு தேயுது. கேரட் கடிச்சா தேயாதான்னு கேப்பீங்க, அத நாலு கடியில முழுங்கிடுது, புல்ல மணிக்கணக்கா மெல்லும். வித்தியாசம் அங்கதான்.

என்ன பண்ணணும்னா, பிஸ்கட்ட இன்னைக்கே நிறுத்துங்க, அதுக்கு பாவ புண்ணியம் பாக்காதீங்க. கேரட்ட ஒரு வாரம் பத்து நாள்ல கொஞ்சம் கொஞ்சமா கொறைச்சு கடைசில சுண்டுவிரல் நுனி அளவு துண்டுக்கு கொண்டு வாங்க, அதுவும் தினம் வேண்டாம். காய்ஞ்ச புல்லு எந்நேரமும் கூண்டுல இருக்கணும், அது எங்க ஒண்ணுக்கு போகுதோ அந்த ட்ரேக்கு பக்கத்துலயே ஒரு கட்டு வைங்க, ஏன்னா முயல் உக்காந்துகிட்டே மேயும், அந்த எடத்துலதான் அதிக நேரம் இருக்கும். ஆனா புல்லு திங்க வெக்கறேன்னு பட்டினி மட்டும் போட்டுடாதீங்க, ஏன்னு கீழ ஒரு பதில்ல சொல்றேன். ஆறு மாசம் ஆகற வரைக்கும் குதிரைமசால் (ஆல்ஃபால்ஃபான்னு விக்கற தீவனச் செடி) குடுக்கலாம், வளர்ற குட்டிக்கு புரதமும் கால்சியமும் வேணும். ஆறு மாசத்துக்கு அப்புறம் அத கொறைச்சுட்டு சாதா புல்லுக்கு மாத்திடுங்க.

கேள்வி: புல்லுன்னா எந்த புல்லு? வைக்கோல் இருக்கு, அது போதுமா? புல்வெட்டற மெஷின்ல வெட்டினதும் மூட்டையா கெடக்கு.

வைக்கோல் வேற, காய்ஞ்ச புல்லு வேற. தானியத்த அடிச்சு எடுத்ததுக்கு அப்புறம் மிஞ்சற தாள்தான் வைக்கோல், படுக்கைக்கு போடலாம், கொறிச்சா தப்பில்ல, ஆனா அதுல சத்து ஒண்ணும் பெருசா கெடையாது. பச்சையா இருக்கும்போதே அறுத்து காய வெச்ச புல்லுதான் சாப்பாடு. மோந்து பாருங்க, இனிப்பா ஒரு வாசனை வரணும், பூஞ்சை நாத்தமோ தூசியோ வந்தா தூக்கிப் போடுங்க. டிமோதின்னு விக்கறது நல்ல புல்லு, அதேதான் வேணும்னு இல்ல, அருகம்புல்லும் முயலுக்கு ரொம்ப இஷ்டம். மருந்தடிக்காத எடமா, நாய் பூனை ஒண்ணுக்கு போகாத எடமா பாத்து கையால அறுத்துக்கோங்க. மெஷின்ல வெட்டினது மட்டும் வேண்டவே வேண்டாம், நசுங்கி சூடேறி குவியல்லயே புளிக்க ஆரம்பிச்சிடும், அது வயித்துல போய் கேஸ் கட்டிக்கும்.

கணக்கா சொல்லுன்னா, அது சாப்பிடறதுல 80, 85 சதவீதம் புல்லா இருக்கணும். மிச்சம்தான் இலை, மிச்சத்துல மிச்சம் பெல்லட், அதான் கடைல குச்சி குச்சியா விக்கற முயல் தீவனம்.

கேள்வி: என்னென்ன இலை குடுக்கலாம்னு ஒரு லிஸ்ட் போடுங்களேன் அக்கா.

லிஸ்ட் போட்டா கிழிச்சு ஒட்டிட்டு எல்லாத்தையும் ஒரே நாள்ல குடுப்பீங்க, அதான் பயம். எங்கிட்ட முதல் முயல் வந்தப்போ நான் அதத்தான் செஞ்சேன், அஞ்சு வகை இலைய ஒண்ணா போட்டு மறுநாள் காலைல கூண்டு முழுக்க களி மாதிரி கெடந்தது, எந்த இலையால வந்ததுன்னே கண்டுபிடிக்க முடியல. குட்டிக்கு 3 மாசம் ஆனப்புறம் ஒரு இலை, கொஞ்சூண்டு, ரெண்டு மூணு நாள் புழுக்கையப் பாருங்க, உருண்டையா காய்ஞ்சு இருந்தா அடுத்த இலை. கொத்தமல்லி, புதினா, கேரட்டோட இலை (கிழங்க நீங்க சாப்பிடுங்க, இலைய அதுக்கு குடுங்க), முள்ளங்கி இலை, ரோமெய்ன் லெட்யூஸ் (சாலட்டுக்கு போடற இலை) எல்லாம் நல்லது. பாலக்கீரைல ஆக்சலேட்னு ஒரு உப்பு இருக்கு, ஜாஸ்தியானா நல்லதில்ல, எப்பவாவது போதும். முட்டைக்கோஸ் நெறைய முயலுக்கு ஒத்துக்காது. வெங்காயம், பூண்டு, அவகாடோ, உருளைச்செடியோட இலை, சாக்லேட், இதெல்லாம் விஷம்னே வெச்சுக்கோங்க. பழம் ஒரு டீஸ்பூன், வாரத்துல ஒண்ணு ரெண்டு தடவை.

கேள்வி: என் முயல் அதோட புழுக்கைய அதே சாப்பிடுது. சொல்லவே கூச்சமா இருக்கு. சத்து கொறைவா?

கூச்சமே வேண்டாம், எல்லா முயலும் சாப்பிடும். முன்னாடி சொன்னேனே குடல்ல ஒரு பெரிய பை, அதுல புளிச்சு வர்ற புழுக்கை தனி, திராட்சைக் கொத்து மாதிரி மெத்துனு பளபளன்னு இருக்கும், அதுல பி வைட்டமினும் புரதமும் இருக்கு, நேரா வாயிலயே வாங்கிக்கும். மாடு அசை போடுதுல்ல, இது முயலோட அசை. அந்தக் கொத்து சாப்பிடாம கூண்டுலயே தேங்கி கெடந்தாதான் யோசிக்கணும், பெல்லட்டோ இனிப்போ ஜாஸ்தியா போகுது இல்ல முயல் குண்டாயிடுச்சு, குனிஞ்சு எட்ட முடியலன்னு அர்த்தம்.

கேள்வி: நேத்து ராத்திரிலேர்ந்து ஒண்ணுமே சாப்பிடல, மூலைல உக்காந்திருக்கு. நாளைக்கு சரியாயிடுமான்னு பாத்துட்டு போகலாமா?

இந்த மெயில படிச்சதுமே பதில் போட்டுட்டேன், ஆனா மத்தவங்களுக்காக இங்கயும் எழுதறேன். பாத்துட்டு போகலாம்ங்கற பேச்சே முயல்கிட்ட கெடையாது. நாயோ பூனையோ ஒரு நாள் சாப்பிடாம கெடந்து எந்திரிச்சிடும், முயலோட குடல் எந்நேரமும் ஓடிக்கிட்டே இருக்கணும், நின்னா உள்ள இருக்கறது காய்ஞ்சு இறுகி, கேஸ் ஏறி, வலில இன்னும் சாப்பிடாம, அதனால குடல் இன்னும் நின்னு, சுத்தி சுத்தி அதே கதை. வாந்தி எடுத்து வெளிய தள்ளவும் முயலால முடியாது. 10, 12 மணி நேரம் சாப்பிடல, புழுக்கை போடலன்னா அது எமர்ஜென்சி.

நான் இத கத்துக்கிட்ட விதம் சொல்றேன். ஒரு ராத்திரி எங்க வீட்டு வெள்ளைக்குட்டி கொத்தமல்லிய மோந்து பாத்துட்டு மூஞ்சிய திருப்பிக்கிச்சு, நான் கோவம்போலன்னு சிரிச்சிட்டு படுத்துட்டேன். காலைல பாத்தா முதுக கூனி கண்ண பாதி மூடி பல்ல நறநறன்னு கடிச்சிட்டு இருக்கு, ட்ரேல புழுக்கை மொத்தமே எட்டோ ஒம்போதோ, மிளகு சைஸ்ல, நடுவுல முடி கோத்து மணிமாலை மாதிரி. டாக்டர் ஊசி போட்டு, சொட்டு சொட்டா தண்ணி ஏத்தி, நாலு நாள் சிரிஞ்சுல கரைச்ச சாப்பாடு ஊட்டி பொழைச்சது. முந்தின ராத்திரியே போயிருந்தா அவ்ளோ பட்டிருக்காதுன்னு அவர் சொன்னது இன்னும் காதுல கேக்குது.

முடி கோத்து வந்தா உள்ள முடி உருண்டை அடைச்சிருக்குன்னு பயப்படுவாங்க. தன்னையே நக்கற பிராணி, வயித்துல முடி எப்பவும் இருக்கும், புல்லு போதுமான அளவு போனா முடியும் சேந்து வெளிய வந்துடும். நார்ச்சத்து கொறைஞ்சு குடல் மெதுவானாதான் தேங்கும். முடி உதிர்ற சமயத்துல தினம் சீவி விடுங்க.

இன்னொண்ணு, வீட்ல இருக்கற மாத்திரைய ஒடைச்சு குடுத்துடாதீங்க. நமக்கு ரொம்ப சாதாரணமான அமாக்ஸிசிலின்னு ஆன்டிபயாடிக் மாத்திரை இருக்கே, அது முயலுக்கு வாய் வழியா போனா குடல்ல இருக்கற நல்ல கிருமிய அழிச்சு ஆளையே கொன்னுடும். முயல் பாத்து பழக்கப்பட்ட டாக்டரா தேடி, ஒடம்பு நல்லா இருக்கும்போதே நம்பர் வாங்கி வெச்சுக்கோங்க.

கேள்வி: ஒண்ணுக்கு செவப்பா போகுது, ரத்தமா?

பெரும்பாலும் இலைல இருக்கற நிறமிதான், ரெண்டு நாள்ல மாறிடும். மாறலன்னாலோ, முக்கி முக்கி போனாலோ டாக்டர்கிட்ட காட்டுங்க, பெண் முயலா இருந்தா காத்திருக்கவே வேண்டாம், கர்ப்பப்பைல பிரச்சனை வர்றது சகஜம். வெள்ளையா கலங்கலா போறதும் கொஞ்சம் வரைக்கும் இயல்பு, சாப்பிடற கால்சியத்த எல்லாம் ஒடம்புல ஏத்திக்கிட்டு வேண்டாதத ஒண்ணுக்குல தள்ளும். சேறு மாதிரி கெட்டியா வந்தா குதிரைமசால் நிறுத்தியாச்சான்னு பாருங்க.

கேள்வி: பெல்லட் மட்டும் குடுத்தா போதும்னு கடைல சொன்னாங்க. தண்ணி பாட்டில்ல வெக்கறதா, கிண்ணத்துலயா?

விக்கறவர் அப்படித்தானே சொல்வார். வளந்த முயலுக்கு எடைல கிலோவுக்கு 25 கிராம், 2 கிலோ முயல்னா ஒரு நாளைக்கு 50 கிராம், அதுக்கு மேல வேண்டாம். கலர் கலரா விதையும் காய்ஞ்ச பழமும் கலந்து வர்ற பாக்கெட் வாங்காதீங்க, பிடிச்சத பொறுக்கி தின்னுட்டு மிச்சத்த ஒதுக்கிடும். தண்ணிக்கு கனமான கிண்ணம், குனிஞ்சு குடிக்கறதுதான் அதுக்கு இயல்பு, பாட்டில் நுனில இருக்கற உருண்டைய சொட்டு சொட்டா நக்கி தாகம் தீர்றதுக்குள்ள அலுத்துடும். கிண்ணத்த கவுக்கும், ஆமா, கவுக்கத்தான் செய்யும்.

கேள்வி: குட்டி போட்டு 3 நாள் ஆச்சு. தாய் குட்டிங்க பக்கமே போறதில்ல. பசும்பால் ஊட்டவா?

ஐயோ, வேண்டாம். தாய் முயல் ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவை, மிஞ்சினா ரெண்டு, அதுவும் அஞ்சு நிமிஷத்துக்குள்ள பால் குடுத்துட்டு போயிடும், பெரும்பாலும் நாம தூங்கற நேரத்துல. காட்டுல கூட்ட விட்டு தள்ளி இருந்தாதான் நரி மோப்பம் புடிக்காது, அந்தப் பழக்கம். காலைல குட்டிய ஒண்ணொண்ணா எடுத்து வயித்த பாருங்க, சின்ன பலூன் மாதிரி உருண்டையா, சூடா இருந்தா பால் குடிச்சிருக்கு. வயிறு ஒட்டி, தோல் சுருங்கி கெடந்தா அன்னைக்கே டாக்டர்கிட்ட போங்க. தாய்க்கு புல்லோட குதிரைமசாலும் சேத்து குடுங்க, தண்ணி கொறையவே கூடாது.

கேள்வி: முன்பல்லு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு. நெயில் கட்டரால நானே வெட்டிடலாமான்னு வீட்டுக்காரர் கேக்கறார்.

அவர் கையிலேர்ந்து அத வாங்கி உள்ள வைங்க. கட்டரால நறுக்கினா பல்லு குறுக்க ஒடையாம நெடுக பிளந்துடும், வேர்ல சீழ் புடிச்சா அப்புறம் தாடையையே அறுக்கற அளவுக்கு போகும். டாக்டர்கிட்ட தேச்சு விடற மெஷின் இருக்கும். போகும்போது கடைவாய்ப்பல்லையும் பாக்கச் சொல்லுங்க, அது வெளிய தெரியாது, கூரா வளந்து நாக்க குத்தும், முயல் பசியோட தட்டு பக்கத்துல வந்து நின்னுட்டு சாப்பிடாம திரும்பிப் போகும்.