அடைப்புக்குறிக்குள் 30 ஆண்டுகள்: காலநிலைப் பேச்சுவார்த்தைகள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் சார். காலநிலை மாநாடு என்றாலே பாரிஸ், கிளாஸ்கோ என்றுதான் செய்தியில் அடிபடுகிறது. இது உண்மையில் எப்போது தொடங்கியது?

பதில்: 1988-ஐப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த ஜூனில் டொரொண்டோவில் கூடிய மாநாடு, கரியமில வாயு உமிழ்வை 2005-க்குள் 20 சதவீதம் குறைக்கச் சொன்னது. அதே ஆண்டு உலக வானிலை அமைப்பும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் சேர்ந்து, காலநிலை அறிவியலை மதிப்பிடும் குழுவான ஐ.பி.சி.சி.யை அமைத்தன. மால்டா நாடு விஷயத்தை ஐ.நா. பொதுச்சபைக்குக் கொண்டுபோனது.

1991 பிப்ரவரியில் அமெரிக்காவின் சாண்டிலி நகரில் முறையான பேச்சு தொடங்கியது. 1992 மே 9 அன்று நியூயார்க்கில், இந்த மாநாடுகளுக்கெல்லாம் அடிப்படையான காலநிலை மாற்றச் சட்டக உடன்படிக்கையின் வாசகம் தயார். ஜூனில் ரியோவில் கையெழுத்து, 1994 மார்ச் 21 முதல் அமல். 15 மாதத்தில் முடித்த வேகத்துக்கு ஒரு விலை இருந்தது: டொரொண்டோவில் சொன்ன 20 சதவீதம் உள்ளே வரவில்லை. பணக்கார நாடுகள் 2000-க்குள் 1990 அளவுக்குத் திரும்புவதை 'நோக்கமாக'க் கொள்ளும் என்ற தளர்வான வாசகம்தான் மிஞ்சியது.

கேள்வி: ஏறக்குறைய 200 நாடுகள் உட்கார்ந்து பேசுகின்றன. ஓட்டெடுப்பு வைத்தால் ஒரே நாளில் முடிந்துவிடாதா?

பதில்: முழு வரலாற்றையும் திறக்கும் சாவி இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. ஓட்டெடுப்புக்கான விதியே இல்லை.

1995-ல் பெர்லினில் முதல் மாநாடு கூடியபோது நடைமுறை விதிகளின் வரைவு மேசைக்கு வந்தது. அதில் 42-வது விதி, எத்தனை பங்கு பெரும்பான்மையில் முடிவெடுக்கலாம் என்பது பற்றியது. எண்ணெய் ஏற்றுமதி நாடுகள் பெரும்பான்மை முடிவை ஏற்கவில்லை. விதிகளை ஏற்கவே எல்லோருடைய சம்மதமும் தேவை என்பதால், அந்த வரைவு இன்றுவரை வரைவாகவே கிடக்கிறது. ஒவ்வொரு மாநாடும் '42-ஐத் தவிர மற்ற விதிகளைப் பின்பற்றுகிறோம்' என்று சொல்லிக்கொண்டே நடக்கிறது. 2011-ல் மெக்சிகோவும் பாப்புவா நியூ கினியும், கடைசி வழியாக நான்கில் மூன்று பங்கு ஓட்டில் முடிவெடுக்கலாம் என்று திருத்தம் முன்மொழிந்தன. அதுவும் நிறைவேறவில்லை.

ஆகவே எல்லாமே கருத்தொருமிப்பு. அதற்கு எழுத்தில் வரையறை கிடையாது. தலைவர் அரங்கைப் பார்ப்பார், முறையான மறுப்பு எழவில்லை என்றால் சுத்தியலைத் தட்டுவார். அவ்வளவுதான்.

கேள்வி: அப்படியானால் ஒரே ஒரு நாடு கை தூக்கினால் போதுமா? எல்லாம் நின்றுவிடுமா?

பதில்: தலைவரைப் பொறுத்தது. மூன்று சம்பவங்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.

2009 கோபன்ஹேகனில் அமெரிக்காவும் சீனா, இந்தியா, பிரேசில், தென்னாப்பிரிக்காவும் தனியாக உட்கார்ந்து ஓர் உடன்பாட்டை எழுதின. பொது அரங்குக்கு வந்ததும் துவாலு, பொலிவியா, வெனிசுவேலா, சூடான் முதலிய நாடுகள் எதிர்த்தன. விளைவு: மாநாடு அதை 'ஏற்கவில்லை', 'கவனத்தில் கொண்டது'. அடுத்த ஆண்டு கான்கூனில் பொலிவியா மட்டும் எதிர்த்து நின்றது. தலைவர் பத்ரிசியா எஸ்பினோசா, கருத்தொருமிப்பு என்றால் ஒரு நாட்டுக்குத் தடுப்பு அதிகாரம் என்று பொருளல்ல என்று சொல்லிச் சுத்தியலைத் தட்டிவிட்டார். 2012 தோஹாவில் ரஷ்யா, உக்ரைன், பெலாரஸ் மூன்றும் எதிர்த்தபோதும் அதேதான் நடந்தது.

ஆனால் ரஷ்யா பொலிவியா அல்ல. 2013 ஜூனில் பான் நகர அமர்வில், நடைமுறை விதிகளைப் பற்றி முதலில் பேசியாக வேண்டும் என்று அந்த மூன்று நாடுகளும் பிடிவாதமாக நின்றன. செயலாக்கத் துணைக்குழுவால் நிகழ்ச்சிநிரலைக்கூட ஏற்க முடியவில்லை. இரண்டு வாரமும் வீண். சிறிய நாட்டின் மறுப்பைத் தாண்டலாம், பெரிய நாட்டின் மறுப்பைத் தாண்டினால் பின்னால் கணக்குத் தீர்க்கப்படும். இந்த ஏற்றத்தாழ்வை எந்த விதிப்புத்தகத்திலும் பார்க்க முடியாது.

கேள்வி: வரைவு வாசகங்களில் எங்கு பார்த்தாலும் சதுர அடைப்புக்குறி வருகிறதே, அதை எப்படிப் படிப்பது?

பதில்: அடைப்புக்குறிக்குள் இருப்பது எல்லாம் இன்னும் ஒப்புக்கொள்ளப்படாதது. மாதிரிக்கு ஒரு வாக்கியம் எழுதிக் காட்டுகிறேன்:

'[வளர்ந்த] நாடுகள் ஆண்டுக்கு [குறைந்தது] [___] டாலர் [மானியமாக] [திரட்ட வேண்டும்] [திரட்ட ஊக்குவிக்கப்படுகின்றன].'

'வளர்ந்த' என்ற சொல்லுக்கு அடைப்பு போட்டது பணக்கார நாடு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். சீனாவும் வளைகுடா நாடுகளும் பணம் தரட்டும் என்பது அவர்கள் வாதம். 'மானியமாக' என்பதைச் சேர்க்கச் சொன்னது ஏழை நாடு. கடைசியில் வினைச்சொல்லில் அடைப்பு நீங்காமல் நின்றால் அந்தப் பத்தியில் கடமை எதுவும் மிஞ்சாது.

பேச்சு முடியாத தலைப்புக்கு, அதே வரைவு நடைமுறை விதிகளின் 16-வது விதி: அது தானாக அடுத்த அமர்வின் நிரலுக்குப் போய்விடும். 2018 கடோவிட்சாவில் 1.5 டிகிரி வெப்ப உயர்வு பற்றிய ஐ.பி.சி.சி. அறிக்கையை 'வரவேற்கிறோம்' என்று எழுதப் பெரும்பாலான நாடுகள் கேட்டன. அமெரிக்கா, சவூதி, ரஷ்யா, குவைத் நான்கும் 'கவனத்தில் கொள்கிறோம்' போதும் என்றன. ஒரே ஒரு வினைச்சொல். அன்றிரவு துணைக்குழுவில் முடிவு வராமல் 16-வது விதிதான் பாய்ந்தது.

கேள்வி: பணக்கார நாடுகளுக்கு உமிழ்வு இலக்கு வைத்த கியோட்டோ நெறிமுறை 1997-ல் ஏற்கப்பட்டு 2005-ல்தான் அமலுக்கு வந்தது என்கிறார்கள். எட்டு ஆண்டு ஏன்?

பதில்: கணக்கைப் போட்டால் புரியும். 55 நாடுகள் ஒப்புதல் தர வேண்டும். அவற்றுள் வரும் தொழில்வள நாடுகள், அந்த வகை நாடுகளின் 1990 கரியமில உமிழ்வில் 55 சதவீதத்தையாவது கொண்டிருக்க வேண்டும். அமெரிக்காவின் பங்கு 36.1, ரஷ்யாவின் பங்கு 17.4 சதவீதம். 2001 மார்ச்சில் புஷ் அரசு கைவிட்டதும் மீதி 63.9. அதில் ரஷ்யாவும் இல்லையென்றால் 46.5, நெறிமுறை செத்துப்போயிருக்கும். ரஷ்யா 2004 நவம்பர் 18 அன்று ஒப்புதல் பத்திரத்தைத் தந்தது. 90 நாள் கழித்து, 2005 பிப்ரவரி 16 அன்று அமல்.

அமெரிக்கா கைவிட்டது திடீர் முடிவு அல்ல. 1997 ஜூலையிலேயே, கியோட்டோவுக்கு ஐந்து மாதம் முன்பு, வளரும் நாடுகளுக்குக் கட்டுப்பாடு இல்லாத உடன்படிக்கையை ஏற்கக் கூடாது என்று அந்நாட்டு செனட் 95-க்கு 0 என்று தீர்மானம் போட்டிருந்தது. அதைத் தெரிந்துகொண்டேதான் 7 சதவீதக் குறைப்புக்கு அமெரிக்கப் பிரதிநிதிகள் தலையாட்டினார்கள்.

கேள்வி: ஏசி மெக்கானிக்காக இருக்கிறேன். நாங்கள் போடும் ஆர்-22 கேஸை வைத்துக் கம்பெனிகள் கார்பன் கிரெடிட்டில் சம்பாதித்தன என்று கேள்விப்பட்டேன். உண்மையா அண்ணா?

பதில்: உண்மைதான் தம்பி. கியோட்டோவின் தூய்மை வளர்ச்சித் திட்டத்தில், வளரும் நாட்டில் ஒரு டன் கரியமில வாயுவைத் தவிர்த்தால் விற்கக்கூடிய ஒரு கிரெடிட் கிடைக்கும். ஆர்-22 தயாரிக்கும்போது ஹெச்.எஃப்.சி-23 என்ற துணைவாயு வெளிவரும். 1,000 டன் ஆர்-22 செய்தால் தோராயமாக 20 முதல் 30 டன். கியோட்டோ கணக்கில் இதன் ஒரு டன், 11,700 டன் கரியமில வாயுவுக்குச் சமம். எரித்து அழித்தால் டன்னுக்கு 11,700 கிரெடிட். 20 டன் என்றே வைத்தாலும் 2,34,000 கிரெடிட் ஆகிறது. எரிக்கும் செலவோ சொற்பம். துணைவாயுவின் வருமானம் ஆர்-22 விற்ற லாபத்தை மிஞ்சியது. கழிவு வேண்டும் என்பதற்காகவே உற்பத்தியைக் குறைக்காமல் வைத்திருக்கத் தூண்டுதல் உண்டானது. சீனாவிலும் இந்தியாவிலும் இந்த ஆலைகள் இருந்தன. 2013 மே முதல் ஐரோப்பிய ஒன்றியம் இந்த கிரெடிட்களைத் தன் சந்தையில் ஏற்பதை நிறுத்தியது.

அதே தூய்மை வளர்ச்சித் திட்டத்தில் தமிழ்நாட்டு நூற்பாலைகளின் காற்றாலைகளும் பதிவாயின. அவற்றுக்கு ஒரு டன் தவிர்த்தால் ஒரு கிரெடிட்தான். வடிவமைப்பின் கோளாறு இந்த ஒப்பீட்டிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: இந்தப் பேச்சுவார்த்தைகளில் தமிழர் யாராவது முக்கியப் பங்கு வகித்திருக்கிறார்களா?

பதில்: 2011 டர்பன். அப்போது இந்தியாவின் சுற்றுச்சூழல் அமைச்சர் சென்னையைச் சேர்ந்த ஜெயந்தி நடராஜன். மாநாடு வெள்ளிக்கிழமை முடிந்திருக்க வேண்டும், ஞாயிறு விடியற்காலை வரை இழுத்தது. புதிய உடன்பாட்டின் தன்மை என்ன என்பதில்தான் முட்டல். 'நெறிமுறை, வேறொரு சட்ட ஆவணம் அல்லது சட்ட விளைவு' என்று வரைவு இருந்தது. 'சட்ட விளைவு' மிகவும் தளர்வு என்றது ஐரோப்பா. வரலாற்றுப் பொறுப்பு இல்லாத ஏழை மக்களின் பங்கை முன்கூட்டியே எழுதிக்கொடுக்க முடியாது என்று நியாயப் பங்கீட்டை முன்வைத்து வாதாடினார் ஜெயந்தி.

தலைவர் அமர்வைச் சற்று நிறுத்திவைத்தார். ஜெயந்தியும் ஐரோப்பாவின் கோனி ஹெடகோரும் அரங்கின் நடுவிலேயே நின்று பேச, சுற்றிலும் பிரதிநிதிகள் நெருக்கியடித்து நின்றார்கள். பிரேசிலின் பேச்சாளர் லூயிஸ் ஆல்பர்ட்டோ ஃபிகரெதோ ஒரு சொற்றொடரை எடுத்துக்கொடுத்தார்: 'சட்ட வலுவுடைய, ஒப்புக்கொள்ளப்பட்ட விளைவு'. அதற்கு இருவரும் சம்மதித்தார்கள். நான்கு ஆண்டு கழித்துப் பாரிஸில் வந்தது அந்தச் சொற்றொடரின் பிள்ளைதான். ஆனால் 'எல்லா நாடுகளுக்கும் பொருந்தும்' என்ற சொல்லும் அதோடு ஒட்டிக்கொண்டது. பணக்கார நாடு, வளரும் நாடு என்று 1992-ல் கட்டிய மதில் அங்கேதான் விரிசல் கண்டது.

கேள்வி: பாரிஸ் ஒப்பந்தத்தில் ஒரு சொல்லை 'அச்சுப்பிழை' என்று மாற்றினார்களாமே?

பதில்: 2015 டிசம்பர் 12 மாலை. நான்காம் விதி, நான்காம் பத்தி. வளர்ந்த நாடுகள் முழுப் பொருளாதாரத்துக்குமான குறைப்பு இலக்குகளை எடுத்து முன்னின்று நடக்கும் என்ற இடத்தில் 'ஷல்' என்று அச்சாகியிருந்தது. அது சட்டக் கடமை. அப்படி நின்றால் அமெரிக்கா செனட்டுக்குப் போக வேண்டிவரும். 'ஷுட்' என்றால் கடமை இல்லை, செனட்டுக்குப் போக வேண்டியதும் இல்லை. சில மணி நேரம் இடைவேளை போல இழுபட்டது. பிறகு செயலக அதிகாரி ஒருவர் நிறுத்தற்குறித் திருத்தங்களோடு சேர்த்து இதையும் ஒரே மூச்சில் வாசித்தார். மாநாட்டுத் தலைவர் லாரென்ட் ஃபேபியஸ் உடனே சுத்தியலைத் தட்டினார். எதிர்க்க நினைத்த நிகரகுவாவுக்குப் பேச வாய்ப்பு கிடைத்தது அதற்கப்புறம்தான்.

அந்த மாற்றம் இல்லாவிட்டால் ஒப்பந்தமே நின்றிருக்காது. ஆனாலும் அது அச்சுப்பிழை அல்ல.

கேள்வி: கிளாஸ்கோவில் நிலக்கரி வாசகத்தை இந்தியாதான் கெடுத்தது என்று எல்லோரும் திட்டுகிறார்கள். சரியா?

பதில்: பாதிதான். நிலக்கரியைப் 'படிப்படியாக ஒழித்தல்' என்பதைப் 'படிப்படியாகக் குறைத்தல்' என்று மாற்றி வாசித்தது இந்திய அமைச்சர் பூபேந்தர் யாதவ். ஆனால் எண்ணெய், எரிவாயு என்ற பெயர்கள் அந்த வாசகத்தில் கிடையாது. நிலக்கரியை மட்டும் பெயர் சொன்னால் சுமை யார் தலையில் விழும் என்பது தெளிவு. எல்லாப் புதைபடிவ எரிபொருளையும் விட்டு 'விலகிச் செல்லல்' என்ற வாசகம் வர 2023 துபாய் வரை ஆனது.

கேள்வி: 100 பில்லியன் டாலர் தந்தார்களா, இல்லையா? இரண்டு பதிலும் படித்துக் குழம்பிவிட்டேன்.

பதில்: 2009-ல் பணக்கார நாடுகள் வளரும் நாடுகளுக்குச் சொன்னது: 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர். பணக்கார நாடுகளின் அமைப்பான ஓ.இ.சி.டி.யின் கணக்கிலேயே 2020-ல் 8,330 கோடிதான். 2022-ல் 11,590 கோடி. இரண்டு ஆண்டு தாமதம். அதிலும் அரசு வழியாக வந்ததில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கடன். கடனை முழு மதிப்பில் கணக்கு வைப்பதா, வட்டிச் சலுகையை மட்டும் வைப்பதா என்பதில் ஒப்புக்கொண்ட முறை கிடையாது. அதனால்தான் நீங்கள் இரண்டு விடை படித்தீர்கள்.

2024 பாகுவில் வந்த புது இலக்கு 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி. வளரும் நாடுகள் கேட்டது 1,30,000 கோடி. சுத்தியல் விழுந்த பிறகே இந்தியாவின் பிரதிநிதி எழுந்து மறுப்பைப் பதிவு செய்ய முடிந்தது.

கேள்வி: காலநிலை மாற்றத்தால் அடிபட்ட நாடுகளுக்கான 'இழப்பும் சேதமும்' நிதி புதிய யோசனையா?

பதில்: இல்லை. 1991-லேயே சிறு தீவு நாடுகளின் சார்பில் வனுவாட்டு, கடல்மட்ட உயர்வுக்கு ஒரு காப்பீட்டு நிதியம் கேட்டது. கட்டணச் சூத்திரமும் கொடுத்தது: ஒரு நாட்டின் பங்கில் பாதி வருமானத்தைப் பொறுத்தும், பாதி கரியமில உமிழ்வைப் பொறுத்தும். நிதியம் உண்டு என்ற முடிவு 2022-ல் ஷார்ம் எல்-ஷேக்கில்தான் வந்தது. 31 ஆண்டு. துபாயில் முதலில் சேர்ந்த வாக்குறுதி சுமார் 70 கோடி டாலர். இதை இழப்பீடு என்று எழுதாதீர்கள். பாரிஸ் முடிவின் 51-வது பத்தி, இழப்பும் சேதமும் பற்றிய ஒப்பந்தத்தின் எட்டாம் விதி பொறுப்புக்கோ இழப்பீட்டுக்கோ அடிப்படை ஆகாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது.

கேள்வி: ஓசோனுக்கான மான்ட்ரியல் நெறிமுறை மட்டும் எப்படி வென்றது?

பதில்: ஓசோனைக் கெடுக்கும் பொருட்களைச் செய்யும் ஆலைகள் சில, மாற்றுப்பொருள் தயார், வளரும் நாடுகளுக்கு 10 ஆண்டு அவகாசமும் தனி நிதியும், சேராத நாடுகளோடு அந்தப் பொருட்களில் வணிகத் தடை. இவற்றோடு நான் முதலிடம் தருவது வேறொன்றுக்கு: அங்கே மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு இருக்கிறது. ஏற்கெனவே பட்டியலில் உள்ள பொருளின் அட்டவணையை அந்தப் பெரும்பான்மையில் இறுக்கலாம். அது எல்லோரையும் கட்டும். நடைமுறையில் ஓட்டுக்கே போவதில்லை. போகலாம் என்பதே போதுமானதாக இருக்கிறது.

கேள்வி: குடிமைப்பணித் தேர்வுக்குப் படிக்கிறேன். மாநாட்டு முடிவுகளை நானே படிக்க வழி சொல்லுங்கள் ஐயா.

பதில்: எண்ணிலிருந்து தொடங்குங்கள். '1/சிபி.21' என்றால் சட்டக உடன்படிக்கையின் 21-வது மாநாட்டு முடிவு எண் 1. 'சிஎம்பி' கியோட்டோ, 'சிஎம்ஏ' பாரிஸ். துபாயின் புதைபடிவ எரிபொருள் வாசகம் 1/சிஎம்ஏ.5, பத்தி 28-ல் இருக்கிறது. அடுத்து, பெயர்ச்சொற்களை விட்டுவிட்டு ஒவ்வொரு பத்தியின் முதல் வினைச்சொல்லை மட்டும் பென்சிலால் அடிக்கோடிடுங்கள். 'முடிவு செய்கிறது' வலுவானது. 'கேட்டுக்கொள்கிறது' என்பது 'வலியுறுத்துகிறது' என்பதைவிட இங்கே வலுவானது. பேச்சுவழக்குக்கு நேர் எதிர், தேர்வில் பலரும் இதில்தான் வழுக்குகிறார்கள். 'அழைக்கிறது', 'கவனத்தில் கொள்கிறது' கடைசி வரிசை. துபாயின் 28-வது பத்தியில் 'அழைப்பு விடுக்கிறது' என்றே இருக்கிறது.

கேள்வி: ஒவ்வொரு முறையும் குறித்த நாளைத் தாண்டி இழுக்கிறதே. அதனால் யாருக்கு நஷ்டம்?

பதில்: இரண்டு மூன்று பேரோடு வரும் நாடுகளுக்கு. ஒரே நேரத்தில் பல அறைகளில் பேச்சு நடக்கும். நூறு பேர் கொண்ட குழு ஆள் மாற்றிக்கொள்ளும், சின்னக் குழு தூங்காமல் ஓடும். விமானச் சீட்டை மாற்றப் பணம் இல்லாதவர்கள் கிளம்பியும் விடுவார்கள். 2023 டிசம்பர் 13 காலை துபாயில் இறுதி முடிவுக்குச் சுத்தியல் விழுந்தபோது, 39 சிறு தீவு நாடுகளின் கூட்டணி அரங்குக்குள் இல்லை. தங்கள் நிலைப்பாட்டை ஒருங்கிணைத்துக்கொண்டு வெளியே இருந்தார்கள். உள்ளே வந்தபோது எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். கூட்டணியின் சார்பில் சமோவாவின் ஆன் ராஸ்முசன் எழுந்து, நாங்கள் அறையில் இல்லாதபோது முடிவெடுத்துவிட்டீர்கள் என்று சொன்னார். அரங்கம் எழுந்து நின்று அவருக்கும் கைதட்டியது. முடிவின் வாசகம் மாறவில்லை.