விழுந்ததால் உடைந்ததா, உடையும் நிலையில் இருந்ததா?

இந்த மாதத் தபாலில் எலும்பு முறிவு பற்றிய கேள்விகளே அதிகம். மெடிக்கல் கோடிங் (நோயாளியின் நோயையும் சிகிச்சையையும் கோடு எண்களாகப் பதியும் வேலை) படிக்கிறவர்களும் எழுதியிருக்கிறார்கள், வீட்டில் ஒருவருக்கு எலும்பு முறிந்து கவலையில் இருப்பவர்களும் எழுதியிருக்கிறார்கள். நான் பிசியோதெரபி படித்து, சில காலம் வார்டில் வேலை பார்த்துவிட்டு, அப்புறம் கோடிங்கிற்கு வந்தவள். இரண்டு பக்கத்துக் கேள்விகளும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கின்றன என்பதால் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: பயிற்சி சார்ட்டில் (நோயாளியின் மருத்துவக் குறிப்பு) 78 வயதுப் பாட்டி ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுந்து, வலது தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்திருக்கிறது. ஆஸ்டியோபொரோசிஸ் (எலும்பு மெலியும் நோய்) இருப்பதாகவும் டாக்டர் எழுதியிருக்கிறார். விழுந்ததால்தானே முறிந்தது என்று, காயத்தால் வந்த தொடை எலும்பு முறிவுக்கான எஸ்72 கோடு போட்டேன். அதை எம்80 (ஆஸ்டியோபொரோசிஸால் வந்த முறிவு) என்று திருத்திவிட்டார்கள். விழுந்தது உண்மைதானே மேடம்?
– வாசகி, தாம்பரம்

விழுந்தது உண்மைதான் அம்மா. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் நின்ற உயரத்திலிருந்து ஒருவர் வழுக்கி விழுந்தால், திடமான எலும்பு உடையுமா? இளம் வயதில் நாமெல்லாம் குளியலறையில் வழுக்கியிருக்கிறோம். இடுப்பு இரண்டு நாள் வலித்திருக்கும், அவ்வளவுதான். அதே விழுகையில் இந்தப் பாட்டிக்குத் தொடை எலும்பு முறிகிறது என்றால், எலும்பு முன்பே பலவீனமாகிவிட்டது.

அமெரிக்க மருத்துவமனைகள் 2015 அக்டோபர் 1 முதல் பயன்படுத்தும் ஐசிடி-10-சிஎம் என்ற நோய்க் கோடு தொகுப்பின் வழிகாட்டு விதிகளில், தசை, எலும்பு பற்றிய 13வது அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள். ஆஸ்டியோபொரோசிஸ் இருப்பதாகத் தெரிந்த ஒருவருக்கு எலும்பு முறிந்தால், அவர் லேசாக விழுந்திருந்தாலும், அந்த விழுகை ஆரோக்கியமான எலும்பைச் சாதாரணமாக உடைக்காது என்றால், காயத்துக்கான எஸ் கோடு கூடாது, எம்80 தான் என்று நேரடியாகவே சொல்லியிருக்கிறார்கள்.

உங்கள் சார்ட்டில் டாக்டர் வயது சார்ந்த ஆஸ்டியோபொரோசிஸ் என்று எழுதியிருந்தால், கோடு எம்80.051ஏ. இதைக் கடகடவென்று மனப்பாடம் செய்யாமல் ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள். எம்80.0 வயதால் வந்த ஆஸ்டியோபொரோசிஸ், அதோடு இப்போதைய முறிவு. 51 வலது தொடை எலும்பு. கடைசி ஏ, முறிவைச் சரிசெய்யும் சிகிச்சை இப்போது நடக்கிறது என்பது. ஸ்டீராய்டு போன்ற மருந்துகளால் எலும்பு மெலிந்திருந்தால் எம்80.8 பக்கம் போக வேண்டும். இதில் வரும் இடம் முறிவு ஏற்பட்ட இடம், நோய் இருக்கும் இடம் அல்ல. நோய் உடம்பு முழுவதும் இருக்கிறது. அதனால்தான் முறிவு இல்லாத ஆஸ்டியோபொரோசிஸுக்கான எம்81இல் இடத்தைக் குறிக்கும் எண்ணே கிடையாது.

இதே பாட்டி கார் விபத்தில் சிக்கியிருந்தால் கதை வேறு. அந்த வேகத்தில் யாருடைய எலும்பும் உடையும். அப்போது எஸ்72 முதலில், ஆஸ்டியோபொரோசிஸ் எம்81ஆகப் பக்கத்தில். நடுவில் இருக்கும் சார்ட்கள்தான் சிரமம்: இரண்டு படி தவறி விழுந்தார், நாற்காலியிலிருந்து சரிந்தார் என்று வரும். அங்கே முறிவுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை டாக்டர்தான் சொல்ல வேண்டும். நீங்கள் யூகிக்காதீர்கள், டாக்டருக்கு க்வெரி (விளக்கம் கேட்கும் எழுத்துக் கேள்வி) அனுப்புங்கள்.

கேள்வி: 71 வயதான என் அம்மா வாசற்படியில் தடுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. டிஸ்சார்ஜ் சம்மரியில் தொடை எலும்பு முறிவு, அறுவை சிகிச்சை என்று மட்டும் இருக்கிறது. நடக்க ஆரம்பித்துவிட்டார். இனி பயமில்லை என்று நினைக்கலாமா?
– வாசகி, மதுரை

அம்மா நடப்பது பெரிய நிம்மதி. ஆனால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. அறுவை சிகிச்சை உடைந்த எலும்பைச் சரிசெய்தது. அது ஏன் உடைந்தது என்று அந்தக் காகிதத்தில் யாரும் எழுதவில்லை.

வார்டில் இருந்தபோது இடுப்பு அறுவை முடிந்த அம்மாக்களுக்கு வாக்கர் பிடித்து நடக்கக் கற்றுக்கொடுப்பேன். நன்றாக நடந்து வீட்டுக்குப் போன சிலர் மறுபக்க இடுப்பு உடைந்து திரும்பி வந்திருக்கிறார்கள். முதல் முறை வந்தபோது எலும்பு அடர்த்தியைப் பார்த்திருந்தால் என்று இன்றும் மனசு அடித்துக்கொள்ளும். ஒரு முறை இப்படி உடைந்தவருக்கு அடுத்த முறிவின் அபாயம் கூடுதல், அதுவும் முதல் ஒன்றிரண்டு வருடங்களில்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது சம்மரியைக் கையில் வைத்துக்கொண்டு நேராகக் கேளுங்கள்: "டாக்டர், அம்மா நின்ற இடத்தில்தான் விழுந்தார்கள். எலும்பு பலவீனமாக இருக்குமா? டெக்ஸா ஸ்கேன் எடுக்கலாமா?" எலும்பு அடர்த்தியை அளக்கும் இந்த டெக்ஸாவில் டி-ஸ்கோர் என்று ஓர் எண் வரும். மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் ஆஸ்டியோபொரோசிஸ். ஆனால் எண் அந்த அளவுக்குப் போகவில்லை என்றாலும், இப்படி லேசான விழுகையில் இடுப்பு முறிந்ததே போதும், சிகிச்சையை யோசிக்க. வைட்டமின் டி, கால்சியம், தைராய்டு, சிறுநீரகச் செயல்பாடு பற்றியும் கேளுங்கள். அம்மாவுக்கு ரத்தசோகையும் விடாத முதுகுவலியும் சேர்ந்து இருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோயும் எலும்பை இப்படித்தான் அரிக்கும், அதை ரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகளில் தேட முடியும்.

அமெரிக்காவில் காப்பீட்டுத் திட்டங்களின் தரத்தை மதிப்பிடும் ஹெடிஸ் அளவுகோல்களில் ஒன்று இதற்காகவே இருக்கிறது: 67 முதல் 85 வயதுப் பெண்ணுக்கு எலும்பு முறிந்தால், ஆறு மாதத்துக்குள் எலும்பு அடர்த்திப் பரிசோதனையோ மருந்தோ கிடைத்ததா என்று பார்ப்பார்கள். நம் ஊரில் அதைக் கேட்பது பிள்ளைகளின் பொறுப்பாக இருக்கிறது. நீங்கள் கேளுங்கள்.

கேள்வி: மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவி, தொடை எலும்பு முறிந்த நோயாளி. முதலில் எந்தக் கோடு, புற்றுநோயா, முறிவா?
– வாசகர், கோயம்புத்தூர்

அந்த முறை மருத்துவமனையில் சேர்த்தபோது டாக்டர் எதற்குச் சிகிச்சை செய்தார் என்று பாருங்கள். முறிவைச் சரிசெய்யச் சேர்த்திருந்தால், புற்றுநோய்க் கட்டியால் வந்த முறிவுக்கான எம்84.5 முதலில் (வலது தொடை என்றால் எம்84.551ஏ), அடுத்து எலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்கான சி79.51. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சோ வேறு சிகிச்சையோ கொடுக்கச் சேர்த்து, முறிவும் கூட இருந்தால் புற்றுநோய் முதலில். கோடுகளைச் சரிபார்க்கும் ஆடிட்டில் இதைத் தவறவிடுகிறவர்கள் நிறைய.

நான் அதிகம் வலியுறுத்துவது வேறொன்று. புற்றுநோய் இருப்பவருக்கு எலும்பு முறிந்தால் அது புற்றுநோயால்தான் என்று கை தானாக எம்84.5க்குப் போகிறது. மார்பகப் புற்றுநோய்க்கு லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் மாத்திரைகள் கொடுப்பார்கள். அவை எலும்பின் அடர்த்தியைக் குறைக்கும். பரவலே இல்லாமல், அந்த மெலிவால் முறிந்திருக்கலாம். அப்போது அது எம்80 குடும்பம். கோடு தவறினால், எலும்புக்குப் புற்றுநோய் பரவியது என்று ஒரு பெண்ணின் பதிவேட்டில் ஏறி நிற்கும். பிறகு அதை எடுப்பது லேசில்லை. டாக்டர் காரணத்தை எழுதும் வரை காத்திருங்கள்.

இன்னொன்று. எலும்பு இன்னும் உடையவில்லை, உடைந்துவிடும் என்று முன்கூட்டியே எலும்புக்குள் உலோக ராடு வைத்திருப்பார்கள். எலும்பில் புற்றுநோய் பரவிய பகுதியின் இடம், அளவு, தன்மை, வலி நான்கையும் வைத்து மதிப்பெண் போடும் மிரெல்ஸ் முறை 1989இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. 9 அல்லது அதற்கு மேல் வந்தால் முன்னதாகவே ராடு வைப்பதுண்டு. இங்கே முறிவே நடக்கவில்லை, முறிவுக் கோடு வராது. பரவலுக்கான சி79.51 தான்.

கேள்வி: எக்ஸ்ரே அறிக்கையில் 'நோயால் ஏற்பட்ட முறிவாக இருக்கலாம்' என்று இருக்கிறது. டாக்டர் குறிப்பில் வெறும் முறிவு. வெளிநோயாளி சார்ட். எம்84 போடலாமா?
– வாசகர், திருச்சி

கூடாது. 'இருக்கலாம்' என்பதை வெளிநோயாளி சார்ட்டில் உறுதியான நோயாகக் கோடு செய்யக் கூடாது. க்வெரி அனுப்புங்கள். ஆனால் "இது ஆஸ்டியோபொரோசிஸ் முறிவுதானே?" என்று பதிலைக் கேள்விக்குள் வைக்காதீர்கள். எக்ஸ்ரேயில் இருப்பதை அப்படியே குறிப்பிட்டு, முறிவின் காரணம் காயமா, ஆஸ்டியோபொரோசிஸா, கட்டியா, வேறு ஏதாவதா, தீர்மானிக்க முடியாததா என்று எல்லா வாய்ப்பும் திறந்திருக்கும்படி கேளுங்கள்.

கேள்வி: இரண்டு வருடம் முன் ஆஸ்டியோபொரோசிஸால் மணிக்கட்டு முறிந்து ஆறிவிட்டது. இப்போது மாத்திரை வாங்க மட்டும் வருகிறார். எம்80 தொடரலாமா?
– வாசகி, சேலம்

ஆறிய முறிவுக்கு எம்80 இல்லை. எம்81, அதோடு பழைய முறிவைச் சொல்லும் இசட்87.310. இந்த இசட் கோடை விட்டுவிடாதீர்கள், அடுத்த டாக்டருக்கு எச்சரிக்கையே அதுதான். முறிவு ஆறிக்கொண்டிருக்கும்போது வந்திருந்தால் எம்80 தான், கடைசி எழுத்து மட்டும் மாறும்: சீராக ஆறினால் டி, தாமதமானால் ஜி, சேரவே இல்லையென்றால் கே, கோணலாகச் சேர்ந்தால் பி.

கேள்வி: என் மாமியார் எலும்பு மெலிவுக்காக எட்டு வருடமாக வாரம் ஒரு அலெண்ட்ரோனேட் மாத்திரை சாப்பிடுகிறார். சில வாரமாக இடது தொடையில் மந்தமான வலி. அந்த மாத்திரையே எலும்பை உடைக்கும் என்று உறவினர் பயமுறுத்துகிறார். நிறுத்திவிடலாமா?
– வாசகி, நாகர்கோவில்

நீங்களாக நிறுத்தாதீர்கள். அந்த மாத்திரை இத்தனை வருடமும் இடுப்பு, முதுகெலும்பு முறிவுகளிலிருந்து அவரைக் காத்து வந்திருக்கிறது. ஆனால் வலியை லேசாகவும் எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த வகை மருந்துகளை நீண்ட காலம் எடுப்பவர்களில் மிகச் சிலருக்குத் தொடை எலும்பின் தண்டுப் பகுதியில் குறுக்காக ஒரு விரிசல் விழுவதுண்டு. எலும்பு முழுதாக உடைவதற்கு வாரங்கள், சில சமயம் மாதங்கள் முன்பே தொடையிலோ தொடை இடுக்கிலோ இப்படி மந்தமாக வலிக்கும். கோடிங்கில் 2016 அக்டோபரில்தான் இதற்குத் தனியாக எம்84.75 வந்தது.

இந்த வாரமே எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். எத்தனை வருடமாக என்ன மாத்திரை என்பதை முதலில் சொல்லுங்கள், மூட்டுவலி என்று நினைத்து அனுப்பிவிடக் கூடாது. வலி இடது பக்கம் மட்டும்தான் என்றாலும் இரண்டு தொடைகளுக்கும் முழு நீளத்தில் எக்ஸ்ரே எடுக்க முடியுமா என்று கேளுங்கள். இந்த விரிசல் மறுபக்கத்திலும் இருக்கக்கூடும். எக்ஸ்ரேயில் தெரியாமல் வலி தொடர்ந்தால் எம்ஆர்ஐ தேவைப்படலாம். மாத்திரையைத் தொடர்வதா, இடைவெளி விடுவதா என்பதை டாக்டர் படம் பார்த்துச் சொல்லட்டும். அதுவரை மாமியாரைப் படியேற விடாதீர்கள், கனமான குடமும் தூக்க வேண்டாம்.