உம்மாவின் கை வீக்கம்: வெட்டிய குழாய் திரும்ப வளருமா?

கேள்வி: மருதமுனையிலிருந்து எழுதுகிறேன். என் உம்மா தறி நெய்பவர். இரண்டு வருடத்துக்கு முன் மார்புப் புற்றுநோய்க்கு ஒப்பரேஷன் செய்து, கமக்கட்டில் உள்ள நிணநீர்க் கணுக்களையும் எடுத்தார்கள். பிறகு கதிர்ச் சிகிச்சை. மூன்று மாதமாக அந்தக் கை வீங்குகிறது, வளையல் ஏறவில்லை. யானைக்கால் மாதிரி, தொற்றும் என்று அக்கம்பக்கத்தில் பேச்சு. சுடு எண்ணெய் போட்டுத் தேய்க்கலாமா? வெட்டிய நிணநீர்க் குழாய் திரும்ப வளராதா?

பதில்: மகள், இது யாருக்கும் தொற்றாது. யானைக்கால் நோய் நுளம்பு பரப்பும் புழுவால் வருவது. இலங்கையில் அது பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாமல் போய்விட்டது என்று 2016இல் உலக சுகாதார நிறுவனமே அறிவித்துவிட்டது.

உம்மாவுக்கு நடந்தது வேறு. இரத்தக் குழாய்களிலிருந்து கசிந்து மிஞ்சும் நீரை நிணநீர்க் குழாய்கள் அள்ளிப்போய்க் கழுத்தடியில் திரும்ப இரத்தத்தில் சேர்க்கின்றன. கையின் நீர் பெரும்பாலும் கமக்கட்டு வழியாகத்தான் போகவேண்டும். அங்கே அந்தக் குழாய்கள் வந்து சேரும் கணுக்களை எடுத்ததும், வடிச்சல் அடைபட்ட வயல்போல நீர் தேங்குகிறது.

குழாய் வளரும், மகள். காயம் ஆறும்போது உடல் வீ.ஈ.ஜீ.எஃப்-சீ என்ற புரதத்தைச் சுரக்கிறது. பின்லாந்தின் ஹெல்சிங்கியில் ஆய்வாளர் காரி அலிதாலோவின் குழு 1996இல் இந்தப் புரதத்தைக் கண்டறிந்தது. அது பட்டதும் பக்கத்துக் குழாய்ச் சுவரில் முளை கிளம்பிப் புது வழி தேடும். ஆனால் கதிர்ச் சிகிச்சையால் தழும்பு இறுகிய இடத்தை அந்த முளை கடப்பது கஷ்டம். வளர்ந்தாலும் பழைய குழாய்போல நீரை இறைத்துத் தள்ளும் என்றில்லை. சரி, அந்தப் புரதத்தை ஊசியாகப் போடலாமே என்று தோன்றும். பல புற்றுக் கட்டிகளும் அதையேதான் சுரந்து, குழாய் வளர்த்து, அந்த வழியே கணுக்களுக்குப் பரவுகின்றன. அதனால்தான் அதைக் கையாள்வதில் இத்தனை தயக்கம்.

ஆகவே குழாய் வளரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இந்தக் கிழமையே உம்மாவைப் புற்றுநோய்க் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். இரத்தம் கட்டியதாலோ நோய் திரும்பியதாலோ வீக்கம் வரவில்லை என்பதை முதலில் அவர்கள் உறுதிசெய்ய வேண்டும். அப்புறம் அளவெடுத்த அழுத்த உறை, பிசியோ சொல்லித்தரும் பயிற்சி.

வீங்கிய இடத்தைப் பெருவிரலால் பத்து எண்ணும்வரை அழுத்திப் பாருங்கள். குழி விழுந்து மெல்ல நிரம்பினால் பெரும்பாலும் இன்னும் நீர்தான். நாள் போனால் கொழுப்பும் நாருமாய் இறுகும், பிறகு இறக்குவது பெரும்பாடு. அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

சுடு எண்ணெய் வேண்டாம், சூடு இன்னும் நீரைக் கசியவைக்கும். இழுத்துத் தேய்ப்பதும் வேண்டாம். தறியை விடவேண்டியதில்லை, தசை அசையும்போதுதான் நிணநீர் நகரும். இடையிடையே எழுந்து கையை உயர்த்தி வைக்கட்டும். நூல் கீறினால் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கை சிவந்து கொதித்துக் காய்ச்சல் வந்தால், இரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அந்தக் கையில் மோதிரம் இருந்தால் இன்றைக்கே கழற்றிவிடுங்கள்.