துருசின் திறப்பு யார் கையில்?

கேள்வி: இந்தோனேசியாவில் ஆசிய, ஆபிரிக்க நாடுகள் கூடிய பாண்டுங் மாநாட்டுக் காலத்திலிருந்தே வறிய நாடுகள் ஒன்றுகூட முயன்று வருகின்றன. இப்போது பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா, தென்னாபிரிக்கா முதலிய நாடுகளின் பிரிக்ஸ் அமைப்பில் சேர்வதற்கு இலங்கையும் விண்ணப்பித்திருக்கிறது. மேற்கு நாடுகளின் பிடியிலிருந்து விடுபட இதுவே வழி என்பதால், வன்னி மக்கள் இதனை இரு கரம் நீட்டி வரவேற்க வேண்டாமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், முழங்காவில்

பதில்: ஐயா, ஒரு கரத்தை நீட்டலாம். மற்றக் கரத்தில் ஒப்பந்தத்தின் பிரதி இருக்கட்டும்.

நீங்கள் 1955இல் நடந்த பாண்டுங் மாநாட்டிலிருந்து தொடங்குகிறீர்கள். நான் அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னே போகிறேன். 1952இல் இலங்கையில் அரிசிக்குப் பெருந்தட்டுப்பாடு. வெளிச்சந்தையில் அரிசி விலை ஏறிக்கொண்டிருக்க, கொரிய யுத்தம் தூக்கிவிட்டிருந்த இறப்பர் விலை சரிந்துகொண்டிருந்தது. சீனாவுக்கு இறப்பர் தேவைப்பட்டது. ஐக்கிய நாடுகள் சபையின் தடை காரணமாக அதற்கு விற்பவர் இல்லை. இலங்கை 1955 டிசம்பர் வரை அந்தச் சபையில் உறுப்பினராகவே இல்லை என்பதால் தடை எம்மைக் கட்டவில்லை. அன்றைய வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்க அந்த வாசலைக் கண்டுகொண்டார். 1952 டிசம்பரில் கைச்சாத்தான ஐந்தாண்டு உடன்படிக்கையின்படி, ஆண்டுதோறும் சீனா 270,000 தொன் அரிசி தர வேண்டும். இலங்கை 50,000 தொன் இறப்பர் கொடுக்க வேண்டும். இறப்பருக்குச் சந்தை விலையிலும் கூடிய விலை கிடைக்க வேண்டும். சங்கக் கடை வாசலில் கூப்பன் புத்தகத்தோடு நின்ற தலைமுறையினர் உங்கள் வீட்டிலும் இருந்திருப்பார்கள். அவர்கள் வாங்கிச் சென்ற அரிசியில் ஒரு பங்கு அந்தக் கப்பல்களில் வந்ததுதான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அப்போது கொழும்பில் ஆட்சியில் இருந்தது கம்யூனிச எதிர்ப்பில் ஊறிய ஐக்கிய தேசியக் கட்சி. சீனாவுடன் தூதரக உறவு ஏற்பட்டதே 1957இல்தான். சகோதரத்துவம் பற்றிய சொற்பொழிவு எதுவும் அங்கே தேவைப்படவில்லை; இவனிடம் இல்லாதது அவனிடம் இருந்தது, அளவும் விலையும் தாளில் எழுதப்பட்டிருந்தன. அமெரிக்கா முகம் சுளித்து உதவியை நிறுத்தியபோதும் உடன்படிக்கை அசையவில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டு, ஆட்சிகள் பல மாறியும், 1982 வரை நீடித்தது.

பாண்டுங்கில் 29 நாடுகள் கூடின. மாநாட்டைக் கூட்டிய ஐந்து நாடுகளில் இலங்கையும் ஒன்று. நம் பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவல கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் யூனியன் நடத்துவதும் காலனித்துவமே என்று அங்கே எழுந்து சொல்லி, நேருவுக்கும் சூ என்லாய்க்கும் சினமூட்டினார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது என்பது என் எண்ணம். ஆனால் அந்தப் பேச்சால் ஒரு மூடை அரிசியும் கூடவோ குறையவோ இல்லை.

பிறகு பெரிய கனவு ஒன்று வந்தது. 1964இல் ஜெனீவாவில் 77 நாடுகள் குழுவாகச் சேர்ந்தன. இன்று அந்தக் குழுவில் 134 நாடுகள் உள்ளன, பெயர் மட்டும் மாறவில்லை. தேயிலை, கோப்பி, தகரம், இறப்பர் போன்றவற்றை விற்று வாழும் நாடுகள், விலை விழும்போது சரக்கை வாங்கிச் சேமித்து, ஏறும்போது விற்று, விலையை நிலைநிறுத்த வேண்டும் என்பது அந்தக் கனவின் சாரம். அதற்காக அதிகம் உழைத்தவர் இலங்கையரான காமினி கொரெயா. 1974 முதல் 1984 வரை ஐக்கிய நாடுகள் வர்த்தக, அபிவிருத்தி மாநாட்டின் செயலாளர் நாயகமாக இருந்தவர். அவர் பாடுபட்ட பொது நிதியத்துக்கான உடன்படிக்கை 1980இல் நிறைவேறியது; நடைமுறைக்கு வந்ததோ 1989இல். அதற்குள் 1985இல் தகர உடன்படிக்கை நொறுங்கிப்போயிருந்தது. நிதியம் உயிர்பெற்ற அடுத்த மாதமே கோப்பி நாடுகளின் ஏற்றுமதிப் பங்கீடும் கைவிடப்பட்டது. பந்தல் போட்டு முடியுமுன்னே மணமக்கள் கலைந்துவிட்டார்கள்.

மேற்கு நாடுகள் இழுத்தடித்தன என்று சொல்வது எளிது. அது பொய்யும் அன்று. ஆனால் பாதிக் காரணம் எங்களுக்குள்ளேயே இருந்தது. கோடைகால நெற்செய்கைக்கான சிறுபோகக் கூட்டத்தில் ஒருமுறையாவது இருந்தவருக்கு அதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. இரணைமடுக் குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்று நீர்ப்பாசனப் பொறியியலாளர் முதலில் சொல்கிறார். அந்த நீருக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று தீர்மானமாகிறது. வயல் முழுவதற்கும் போதாது என்பதால், கமக்காரர் அமைப்புகள் வழியே ஒவ்வொருவருக்கும் பங்கு பிரிகிறது. பங்கு குறைந்துவிட்டது என்று குரல் உயர்த்துகிறவர்கள் உண்டு. பங்கை மீறி அரை ஏக்கர் கூட விதைத்துவிட்டுத் தெரியாதவர்போல் நிற்கிறவர்களும் உண்டு. ஆனாலும் துருசின், அதாவது குளத்து நீரைத் திறந்துவிடும் மதகின், திறப்பு (சாவி) எல்லோருக்கும் தெரிந்த ஒரு கையில் இருக்கிறது. மேல்வாய்க்காலில் இரவோடு இரவாக மறித்து நீரெடுத்தால், விடியும்போது கடைவாய்க்கால்காரர் மண்வெட்டியோடு வரம்பில் நிற்பார். பிணக்கு வரும், அடுத்த போகம் அதே கூட்டத்தில் அதே ஆட்கள் மீண்டும் உட்காருவார்கள். கோப்பி விற்கும் நாடுகளுக்கிடையே அப்படிப்பட்ட துருசும் இல்லை, வரம்பும் இல்லை. ஒரு நாடு தன் பங்கைக் குறைத்தால் அந்த இடத்தில் இன்னொரு நாடு விற்றது. விற்ற நாட்டை எவரும் தடுக்கவில்லை.

தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1985இல் டாக்காவில் பிறந்தது. கடைசி உச்சி மாநாடு 2014இல் காத்மண்டுவில் நடந்தது. தெற்காசிய நாடுகள் தமக்குள் செய்யும் வர்த்தகம் அவற்றின் மொத்த வர்த்தகத்தில் ஏறத்தாழ 5 வீதத்திலேயே நிற்கிறது.

இனிக் கடனுக்கு வருவோம். ஓமந்தையிலிருந்து கிளிநொச்சி நோக்கிப் பேருந்தில் வருகிறவர், யன்னலோரம் அமர்ந்திருந்தால், முன்னாள் ‘மூன்றாம் உலகின்’ இரண்டு பெரியவர்களை ஒரே பார்வையில் காணலாம். பேருந்து ஓடும் ஏ-9 வீதி சீனக் கடனில் செப்பனிடப்பட்டது. பக்கத்தில் மரங்களுக்கிடையே தோன்றி மறையும் தண்டவாளம், இந்தியக் கடனில் இர்கோன் நிறுவனம் மீள அமைத்தது. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கு ரயில் வந்த நாளில் நிலைய மேடையில் நின்று அழுத முதியவர்களை நான் பார்த்தேன். இரண்டும் எமக்குத் தேவைப்பட்டவை. நன்றி சொல்வதில் பிழையில்லை. ஆனால் இரண்டுமே கடன். இந்திய வீடமைப்புத் திட்டம் வேறு: அது நன்கொடை, ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா, அத்திவாரம், சுவர், கூரை எனக் கட்டம் கட்டமாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே வந்தது. அந்தப் பணத்தோடு கைக்காசும் போட்டுக் கட்டி முடித்தவர்களுக்கு, கொடையும் கடனும் ஒன்றல்ல என்பதை நான் கற்பிக்க வேண்டியதில்லை. பத்திரிகைகள் மட்டும் இரண்டையும் ‘உதவி’ என்ற ஒரே சொல்லுக்குள் அடைத்துவிடுகின்றன.

2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று இலங்கை கைவிரித்தபோது, அந்தப் பெரியவர்கள் எங்கே அமர்ந்தார்கள் என்பதைப் பாருங்கள். அந்த ஆண்டு எரிபொருளுக்கும் உணவுக்கும் மருந்துக்குமாக ஏறத்தாழ 400 கோடி டொலர் அளவுக்குக் கைகொடுத்தது இந்தியாதான். அதை மறைத்தல் தகாது. ஆயினும் கடன் மறுசீரமைப்பு என்று வந்ததும், இந்தியா கடன் கொடுத்த நாடுகளின் குழுவில் ஜப்பானோடும் பிரான்சோடும் இணைத் தலைமையில் இருந்தது. சீனா அந்தக் குழுவில் சேராமல் தனி மேசை போட்டுப் பேசியது. கொடுத்தவன் எந்தத் திசையில் பிறந்திருந்தாலும், கணக்குப் புத்தகத்தைத் திறக்கும்போது கொடுத்தவனாகத்தான் இருப்பான். இதற்குள் பங்களாதேஷ் 2021இல் தந்த 20 கோடி டொலர் எவர் கண்ணிலும் பெரிதாகப் படவில்லை. தவணை தள்ளித் தள்ளி, 2023இல்தான் அதைத் திருப்பிக் கொடுத்து முடித்தோம். அதிகம் பேசப்படாத அந்தச் சிறு தொகையை, அண்மைக்கால ஒத்துழைப்புகளில் மானமுள்ள ஒன்றாக நான் மதிக்கிறேன்.

முழங்காவிலில் இருந்து எழுதுகிற உங்களுக்கு நாச்சிக்குடாக் கரை தூரமில்லை. அங்கே இரவில் போட்ட வலையைக் காலையில் தேடிப்போகும் கடற்றொழிலாளிக்கு, கயிற்று நுனி மட்டும் கையில் வருகிற நாட்கள் உண்டு. மிச்சத்தை அக்கரையான தமிழ்நாட்டின் இழுவைப் படகு அள்ளிப் போயிருக்கும். இந்தியக் கரைக்கு கடலடியை வாரி இழுக்கும் வலையான இழுவைமடித் தொழிலைக் கொண்டுவந்ததில் 1950களில் கேரளத்தின் நீண்டகரையில் தொடங்கிய நோர்வே உதவித் திட்டத்துக்குப் பெரும்பங்கு உண்டு. செல்வ நாட்டு உபகாரம், வறிய நாட்டு இருவருக்கிடையே பகையாகி நிற்கிறது. இரு கரைத் தொழிலாளர் பிரதிநிதிகள் நேருக்கு நேர் பேசினார்கள். இழுவைமடியைக் கைவிட அக்கரையினர் மூன்று ஆண்டு அவகாசம் கேட்டார்கள், இக்கரையினர் இணங்கவில்லை. 2016இல் இரு அரசுகளும் கூட்டுச் செயற்குழு அமைத்தன. 2017இல் இலங்கை நாடாளுமன்றம் இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது. படகுகள் இன்னும் வருகின்றன. இரு பக்கமும் தமிழர், இரு பக்கமும் வறியவர். ஒற்றுமைக்கு இதைவிட நல்ல நிலம் எங்கே கிடைக்கும் என்று கேட்கத் தோன்றும். இங்கே அந்தத் துருசின் திறப்பு எவர் கையிலும் இல்லை என்பதே சிக்கல்.

கடைசியாக ஒன்று, வன்னியிலிருந்து கேட்கப்பட்ட கேள்வி என்பதால் அதைத் தவிர்க்க எனக்கு மனமில்லை. பாண்டுங்கில் ஏற்கப்பட்ட 10 கோட்பாடுகளில் முதலாவது அடிப்படை மனித உரிமைகளை மதித்தல். நாலாவது, பிற நாட்டின் உள்விவகாரத்தில் தலையிடாமை. 2009 மே 27 அன்று, செட்டிகுளம் மெனிக் பாமிலும் ஏனைய முகாம்களிலும் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட எம்மவர் முட்கம்பிக்குள் இருந்த நேரத்தில், ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவை இலங்கை பற்றி ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. சர்வதேச விசாரணை பற்றி அதில் ஒரு சொல் இல்லை; தலையிடாமை வலியுறுத்தப்பட்டிருந்தது. ஆதரித்த நாடுகள் 29. பாண்டுங்கின் அதே எண். பட்டியலில் இந்தியா, சீனா, இந்தோனேசியா, பாகிஸ்தான், எகிப்து, கானா எனப் பாண்டுங்கில் இருந்த பெயர்களும் பல. எதிர்த்த 12 நாடுகளில் பெரும்பாலானவை மேற்கு நாடுகள். சிலியும் மெக்சிகோவும் அவற்றோடு நின்றதால், வறிய நாடுகளின் தென்னுலகம் முழுவதையும் ஒரே கோலால் அளக்க முடியாது. எனினும் அரசியல் ஒத்துழைப்பு என்று நீங்கள் சொல்லும் அந்தப் பொருளை, நீர்த்தாங்கிக்கு வரிசையில் நின்றபடி நாங்கள் பெற்றுக்கொண்ட விதம் அது. நாலாவது கோட்பாட்டின் நிழலில் முதலாவது கோட்பாட்டை மறைத்துவிட அரசுகளால் முடிகிறது.

ஆகவே பிரிக்ஸில் சேர்வதை நான் எதிர்க்கவில்லை. அதன் அபிவிருத்தி வங்கியில் பங்களாதேஷ் 2021இலேயே சேர்ந்துவிட்டது. அதற்குப் பிரிக்ஸ் உறுப்புரிமை தேவைப்படவில்லை என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள். எனக்குள்ள பிணக்கு வேறு. 1952இல் எத்தனை தொன் அரிசிக்கு எத்தனை தொன் இறப்பர் என்பது ஊரறிந்த செய்தி. 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் வந்தபோது கைச்சாத்தான புரிந்துணர்வு உடன்படிக்கைகளின் வாசகத்தை நாடாளுமன்றத்தில் வையுங்கள் என்று எதிர்க்கட்சியினர் கேட்டு நிற்க வேண்டியிருந்தது. ஓய்வில் இருக்கிறீர்கள், எழுத்தும் கைவந்தவர். கடற்றொழில் கூட்டுச் செயற்குழு கடைசியாகக் கூடியபோது என்ன தீர்மானித்தது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அமைச்சுக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பிப் பாருங்கள். பதில் வந்தால் பிரதியை எமக்கும் அனுப்புங்கள். இதே பக்கத்தில் முழுமையாக வெளியிடுகிறேன்.