நோ டிப்ரெஷன் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

ஒரு பேச்சில் நீங்கள் சொன்னதைக் கேட்டு அங்கிள் டுபெலோ என்ற அமெரிக்க ராக் குழுவின் முதல் ஆல்பமான ‘நோ டிப்ரெஷ’னைத் தேடிப் பிடித்தேன். மூன்று நாளாகக் கேட்கிறேன். பாதி ஒரே கிட்டார் இரைச்சல். நடுவில் திடீரென்று ஒரு பக்திப் பாட்டு. கன்ட்ரி என்கிற அமெரிக்க நாட்டுப்புறப் பாணி இசையையும் ராக்கையும் பேர்ட்ஸ் குழு 1968லேயே கலந்துவிட்டதே, இதில் என்ன புதுசு? இந்த வயசுப் பையன்கள் சொர்க்கத்தைப் பாடுவது எனக்கு வேஷமாகத்தான் படுகிறது.

சு.

அன்புள்ள சு.,

பேர்ட்ஸ் விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. ‘கலந்துவிட்டது’ என்கிறீர்களே, அங்கேதான் இடறுகிறது. இவர்கள் கலக்கவே இல்லை. ‘விஸ்கி பாட்டில்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சரணம் முழுக்க பெடல் ஸ்டீல் (கன்ட்ரி இசையின் இழையும் கம்பி வாத்தியம்) அழுகிறது, பல்லவி வந்ததும் கிட்டார் வெடிக்கிறது, மறுபடி அமைதி. ஒட்டுப்போட்ட தையல் வெளியே தெரிகிறது. அதை மறைக்க அவர்கள் முயலவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது.

குழுவில் இருந்த ஜே ஃபாரர், ஜெஃப் ட்வீடி, மைக் ஹைடார்ன் மூவரும் இல்லினாய் மாநிலத்து பெல்வில்காரர்கள். மிசிசிப்பி ஆற்றுக்கு அக்கரையில் செயின்ட் லூயிஸ் நகரம், இக்கரையில் களையிழந்த பழைய ஆலை ஊர் இது. ட்வீடியின் அப்பா ரயில்வே தொழிலாளி. 1990 ஜனவரியில் பாஸ்டன் போய், பத்து நாளில், 3,500 டாலருக்குள் 13 பாட்டையும் பதிந்துவிட்டார்கள். அந்த அவசரம் தெரியத்தான் செய்கிறது. இரண்டு மூன்று பாட்டை நானே தாண்டிப் போய்விடுவேன். அன்றைய ட்வீடிக்கு எழுத்தும் குரலும் இன்னும் கூடிவரவில்லை என்பதும் என் அபிப்பிராயம்.

‘நோ டிப்ரெஷன்’ என்ற அந்த பக்திப் பாட்டு, பழைய கன்ட்ரி பாடகர்களான கார்ட்டர் குடும்பம் 1936ல் பதிந்தது. அப்போது டிப்ரெஷன் என்றால் பொருளாதாரப் பெருமந்தம்: வேலை இல்லை, சோறு இல்லை. பரலோகத்தில் அந்த மந்தம் கிடையாது, நான் அங்கே போகிறேன் என்கிறது பாட்டு. 1990ல் அதே சொல் காதில் மனச்சோர்வாகவும் விழுகிறது. 23 வயது ஃபாரர் அதை அறுபது வயசுக் குரலில் பாடுகிறார். சொர்க்கத்தை நம்பிப் பாடுகிறாரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் கேலியாகவும் பாடவில்லை. கேலி செய்வது எளிது. அன்றைய பங்க் (முரட்டு வேக ராக்) ரசிகர்கள் சிரித்துக் கைதட்டியிருப்பார்கள்.

வரிசையையும் கவனியுங்கள். நான்காவது அந்தப் பாட்டு. அடுத்தது ‘ஃபேக்டரி பெல்ட்’: ஆலையின் ஓடும் பட்டையிலேயே என் ஆயுள் தேய்ந்து முடியக்கூடாது என்று ஒருவன் கத்துகிறான். பரலோகம் வேண்டும் என்பவனும் பெல்ட்டிலிருந்து தப்ப நினைப்பவனும் ஒரே ஆள்தானே? வேஷம் என்று நீங்கள் சொல்வதை என்னால் ஏற்க முடியாதது இதனால்தான்.

1994ல் ஃபாரரும் ட்வீடியும் முறைத்துக்கொண்டு பிரிந்தார்கள். ஃபாரர் தொடங்கிய குழு சன் வோல்ட், ட்வீடியினுடையது வில்கோ. மறு வருஷமே இப்படி கன்ட்ரியும் ராக்கும் சேர்ந்த இசைக்கென்று ஒரு பத்திரிகை வந்தது. அதற்கு வைத்த பெயரும் ‘நோ டிப்ரெஷன்’தான்.

நான்கு, ஐந்து, ஆறு, இந்த மூன்றை மட்டும் இடைவெளி விடாமல் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஆறாவதுதான் ‘விஸ்கி பாட்டில்’. அப்போதும் இரைச்சலாகவே பட்டால் எழுதுங்கள், இன்னொரு சுற்று சண்டை போடலாம்.

அன்புடன்.