பரண்மேல் துப்பாக்கி

கேள்வி: ஊருக்கு வெளியே, தோட்டத்து வீட்டில் கூட்டுக் குடும்பமாக இருக்கிறோம். காட்டுப்பன்றிகளை விரட்ட மாமனார் உரிமம் பெற்று இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருக்கிறார். தோட்டா போட்டபடியே அது பரண்மேல் கிடக்கிறது. என் மகனுக்கு எட்டு வயது. பூட்டி வைக்கச் சொன்னால், "அவனுக்கு இடமே தெரியாது; அவசரத்துக்குச் சாவியைத் தேட முடியுமா?" என்கிறார். அவரிடம் எப்படிப் பேசுவது?

பதில்: உங்கள் பயம் முற்றிலும் நியாயமானது, சகோதரி. இடம் தெரியாது என்று நம்பும் குடும்பங்கள் ஏராளம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கிராமப்புறப் பெற்றோரையும் பிள்ளைகளையும் விசாரித்த ஆய்வு ஒன்று 2006இல் வெளியானது. துப்பாக்கி இருக்கும் இடம் பிள்ளைக்குத் தெரியாது என்ற பெற்றோரில் 39 சதவீதம் பேரின் பிள்ளைகள், தெரியும் என்றார்கள். பிள்ளை அதைத் தொட்டதே இல்லை என்ற பெற்றோரில் 22 சதவீதம் பேரின் பிள்ளைகள், கையில் எடுத்ததுண்டு என்றார்கள். தாத்தா பரணில் கைவிடுவதை உங்கள் மகன் ஒருமுறை பார்த்தால் போதும். "தொடாதே" என்று சொல்லி வளர்ப்பது அவசியம்தான். அதை மட்டும் நம்பித் தோட்டாவை உள்ளே விட்டுவைக்க முடியாது.

தோட்டாக்களை எடுத்துவிட்டு, இரண்டு குழல்களும் காலியா என்று கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு துப்பாக்கியைச் சுவரோடு பொருத்திய இரும்புப் பெட்டகத்தில் பூட்ட வேண்டும். தோட்டாக்களுக்கு வேறு பெட்டி, வேறு பூட்டு. விசையை அழுத்த முடியாதபடி அதன்மேல் மாட்டும் விசைப் பூட்டு வாங்கினால், தோட்டா உள்ளே இருக்கும்போது அதை மாட்டவே கூடாது. மாட்டும்போதே விசை அழுந்திவிடலாம். சாவி மாமனாரின் இடுப்பிலேயே இருக்கட்டும், தேட வேண்டியதில்லை. எண் அழுத்தித் திறக்கும் பெட்டகமும் சில நொடிகளில் திறந்துவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். வீட்டில் பெரியவரோ வளர்ந்த பிள்ளையோ மனமுடைந்திருக்கும் நாட்களில், சாவியும் எண்ணும் அவர்கள் கைக்கு எட்டக் கூடாது. முடிந்தால் துப்பாக்கியையே சட்டப்படி வேறிடத்தில் ஒப்படைத்துவிடுங்கள். விபரீத எண்ணம் பலருக்கும் தணிந்துவிடும். துப்பாக்கி அதற்கு அவகாசம் தராது.

மாமனாரிடம் உங்கள் கணவரையும் சேர்த்துக்கொண்டு பேசுங்கள். குறை சொல்வதாக வேண்டாம். "துப்பாக்கியைப் பற்றி இந்த வீட்டில் உங்களுக்குத்தான் தெரியும், மாமா. பேரனுக்கு ஆபத்தில்லாத இடத்தை நீங்களே அமைத்துக் கொடுங்கள்" என்று கேளுங்கள். பெட்டகம் வரச் சில நாட்கள் ஆகலாம். தோட்டாக்களை எடுத்துத் தனியாகப் பூட்டுவதை மட்டும் இன்றிரவே செய்யச் சொல்லுங்கள்.