கரடி வந்தால் செத்தவன் மாதிரிப் படுத்தால் தப்பலாமா?

கேள்வி கேட்ட தம்பி இந்த வருஷம் உகந்தையிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறாராம். டிவியில் காட்டுவதுபோல மூச்சை அடக்கிக்கொண்டு படுத்தால் கரடி விட்டுவிடுமா, இல்லை மரத்தில் ஏறுவதுதான் நல்லதா என்று கேட்டிருக்கிறார். மரத்தில் ஏற வேண்டாம், தேனுக்கும் பழத்துக்கும் எங்கள் கரடி நாளெல்லாம் மரம் ஏறுகிறது. படுப்பதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், அதுக்கு முன்னால் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

நான் மட்டக்களப்பில் கரடியனாற்றுப் பக்கம், பேரிலேயே கரடி இருக்கிற ஊர். பெரியப்பா வடமுனைப் பக்கம் மாட்டுப்பட்டி வைத்திருந்தவர். ஒருநாள் விடியப்புறம் காணாமல் போன கன்றைத் தேடித் தனியாகப் போயிருக்கிறார். மழை பெய்து மண் ஈரம், காலடிச் சத்தம் இல்லை, காற்றும் எதிர்க்காற்று. பற்றைக்கு அந்தப் பக்கம் புஸ் புஸ் என்று ஊதி உறிஞ்சுகிற சத்தம் கேட்டதாம், பன்றி என்று நினைத்து விலக்கிப் பார்த்திருக்கிறார். கரடி புற்றைக் கிண்டித் தலையை உள்ளே விட்டுக் கறையான் உறிஞ்சிக்கொண்டிருந்தது. அது திரும்பினதும் பாய்ந்ததும் ஒன்றுதான். எவ்வளவு நேரம் அடித்தது என்று அவருக்கே தெரியாது, ஆனால் ஒரு கண் போனது, நெற்றியிலிருந்து காது வரைக்கும் தோல் உரிந்தது. மறுகா அது தன்பாட்டில் காட்டுக்குள் போய்விட்டது. அவரைத் தின்ன வரவில்லை, அதுக்குக் கறையானும் பழமும் தேனும்தான் சாப்பாடு. பயந்துதான் அடித்தது.

போன வருஷம் தங்கச்சியின் மகனைக் கூட்டிக்கொண்டு பெரியப்பாவோடு உன்னிச்சைக் குளத்துக்கு மேலே காட்டோரமாக நடந்தோம். வழியில் ஒரு புற்று, புதிதாகக் கிண்டின மண் இன்னும் ஈரம் காயாமல் சிவப்பாகக் கிடக்கிறது, பக்கச் சுவரில் நகம் இழுத்த கோடுகள் என் விரல் அகலத்துக்கு. பெடியன் உடனே குனிந்து, வாயில் விரலை வைத்து, "சத்தம் போடாதீங்க மாமா" என்று குசுகுசுத்தான். பெரியப்பாவுக்கு வந்த கோபம்! "யாருடா உனக்கு இதைச் சொல்லித் தந்தது? சத்தம் போட்டு நட மனே" என்று கையிலிருந்த தடியால் பக்கத்து மரத்தில் ஓங்கி அடித்தார். யார் சொல்லிக் கொடுத்தது என்று எனக்குத் தெரியும். டிவியில் வருகிற காட்டு நிகழ்ச்சிகளில் தொப்பி போட்ட ஆள் பதுங்கிப் பதுங்கிப் போவார், கமராவைப் பார்த்து மூச்சுக்காற்றில் பேசுவார். இதைத்தான் நான் பெரிய குற்றமாகச் சொல்லுவேன். கரடி இருக்கிற காட்டில் செய்யவே கூடாத காரியத்தை அவர்கள் ஒவ்வொரு கிழமையும் பிள்ளைகளுக்குப் பழக்கிக் கொடுக்கிறார்கள். ஆள் வருகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் கரடி அநேகமாக விலகிப் போய்விடும், அதன் காலடியில் போய் நின்ற பிறகு தெரிந்தால்தான் ஆபத்து.

அடுத்தது, டிவியில் காட்டுகிற கரடி எந்தக் கரடி? உலகத்தில் கரடி 8 இனம், எங்களுடையது வேறு, அங்கே காட்டுவது வேறு. அலாஸ்காவில் புரூக்ஸ் அருவியில் ஆடி மாதம் சால்மன் மீன் கூட்டமாக ஏறும்போது பழுப்புக் கரடிகள் வயிறு முட்டத் தின்றுகொண்டு நிற்கும், பார்க்கிற சனத்துக்கு மேடை கட்டி வைத்திருக்கிறார்கள். அந்த மேடை படத்தில் விழாது. தூரத்தில் நின்று பெரிய லென்ஸால் எடுத்த படத்தில் கரடி மூக்குக்கு முன்னால் நிற்பதுபோல இருக்கும். யெலோஸ்டோன் பூங்காவில் கரடிக்கு 100 யார் (91 மீட்டர்) தூரத்துக்குள் போகக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. டிமோதி டிரெட்வெல் என்பவர் அலாஸ்காவில் 13 கோடைகாலம் கரடிகளுக்குப் பக்கத்திலேயே இருந்து படம் பிடித்தார், அமெரிக்க டிவியிலும் வந்தார். 2003 ஒக்டோபரில் அவரையும் கூட இருந்த பெண்ணையும் கரடி கொன்றது.

கரடி இரண்டு காலில் எழும்பினால் உடனே பயங்கர இசை போட்டு, ஒரு உறுமலையும் சேர்த்துவிடுவார்கள். அது பெரும்பாலும் என்ன வருகிறது என்று பார்க்கவும் மோப்பம் பிடிக்கவும்தான் எழும்புகிறது. அந்த நேரத்தில் பயந்து ஓடுவதுதான் மோசம், பள்ளத்தில் இறங்கி ஓடினால் கரடியால் வர முடியாது என்பதும் சுத்தப் பொய்.

சரி, படுப்பது. வட அமெரிக்காவிலேயே பழுப்புக் கரடி தற்காப்புக்கு அடித்தால் அசையாமல் படு என்றும், கறுப்புக் கரடி அடித்தால் திருப்பி அடி என்றும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். டிவியில் இரண்டையும் ஒன்றாகக் குழைத்து "செத்தவன் மாதிரிப் படு" என்று முடித்துவிடுவார்கள், கரடி தூரத்தில் நிற்கும்போதே படுத்துவிடுகிற ஆட்களும் இருக்கிறார்கள். எங்கள் கரடி தூரத்தில் நின்றால் நில்லுங்கள், பேசுங்கள், முகத்தை அதன் பக்கம் வைத்தபடி மெல்லப் பின்வாங்குங்கள். நேரே பாய்ந்து வந்தால் எல்லாரும் ஒட்டி நின்று தடியை முன்னால் நீட்டிக் கத்துங்கள். மேலே விழுந்துவிட்டால் மட்டும் குப்புறப் படுத்து, இரண்டு கையையும் பிடரியில் கோத்துக்கொள்ளுங்கள், எது நடந்தாலும் முகத்தைத் திருப்பக் கூடாது. பெரியப்பா மல்லாந்து கிடந்தார், அதுதான் கண் போனது.

தம்பி, நீங்கள் போகிற காலம்தான் பாலைப்பழக் காலம். வழியில் குமனைக் காட்டில் மரத்திலும் மரத்தடியிலும் கரடி நிற்கும். குட்டியை முதுகில் ஏற்றிக்கொண்டு தாய்க்கரடியும் வரும், அதுதான் எல்லாவற்றிலும் பொல்லாதது. கூட்டமாக அரோகரா சொல்லிக்கொண்டு போனால் அந்தச் சத்தமே காவல். எனக்குப் பயம் எல்லாம், முந்திப் போய் கும்புக்கன் ஆற்றில் குளிக்கலாம் என்று இருட்டோடு தனியாகக் கிளம்புகிற பெடியன்களுக்குத்தான். அப்புறம் பற்றைக்குள் ஒதுங்கப் போகிறவர்களுக்கும். வெட்கப்படாமல் முதலில் கையைத் தட்டி, இரண்டு தரம் இருமி, கொஞ்சம் பொறுத்து உள்ளே போங்கள்.